டிரான்சிஸ்டர்ச் சுற்றில் மின்னழுத்த மூலமும் மின்னோட்ட மூலமும்

தில்லியில் ஜனவரி மாதத்து விடியற்காலையில் வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸ் அளவுக்குத் தாழ்வதுண்டு. கோடைப் பிற்பகலில் 45 டிகிரியை எட்டுவதும் உண்டு. வெளியிடத்தில் வைக்கப்பட்ட டிரான்சிஸ்டர்க் கருவி இவ்விரு பருவங்களிலும் ஒரே தன்மையாக இயங்க வேண்டுமாயின், அதன் சுற்றில் எவ்விடத்தில் மின்னழுத்தமும் எவ்விடத்தில் மின்னோட்டமும் நிலைபெற வேண்டும் என்பதை அறிதல் இன்றியமையாதது.

சுமை மாறினாலும் தன் முனைகளுக்கிடையே அழுத்தத்தை ஏறத்தாழ மாறாமல் காப்பது மின்னழுத்த மூலம். அதன் உள்தடை மிகக் குறைவு. 1.5 வோல்ட் மின்கலத்தின் உள்தடை 0.5 ஓம் எனக் கொள்க. 100 ஓம் சுமையில் அது 1.49 வோல்ட்டும், 10 ஓம் சுமையில் 1.43 வோல்ட்டும் தரும்.

சுமை மாறினாலும் ஓட்டத்தை மாறாமல் காப்பது மின்னோட்ட மூலம். அதன் உள்தடை மிக அதிகம். 100 வோல்ட் மூலத்துடன் 1,00,000 ஓம் தடையைத் தொடராக இணைத்தால், சுமை 100 ஓம் ஆயினும் 1,000 ஓம் ஆயினும் ஓட்டம் ஏறத்தாழ 1 மில்லி ஆம்பியராகவே நிற்கும். ஆனால் இம்முறைக்கு உயர்ந்த அழுத்தம் வேண்டும், ஆற்றலும் வீணாகும்.

டிரான்சிஸ்டர் இக்குறையை நீக்குகிறது. அதன் ஏற்பானில் அழுத்தம் 2 வோல்ட்டிலிருந்து 8 வோல்ட்டுக்கு உயர்ந்தாலும் ஏற்பான் ஓட்டம் சிறிதே மாறும். அதனை நிருணயிப்பது அடிவாய்க்கும் உமிழ்ப்பானுக்கும் இடையிலுள்ள அழுத்தமே. ஆகவே ஏற்பான் ஒரு மின்னோட்ட மூலம் எனலாம்.

அவ்வாறாயின், அடிவாய்க்கும் உமிழ்ப்பானுக்கும் இடையே 0.6 வோல்ட் அளவில் ஒரு நிலையான அழுத்தத்தை நேராக இணைத்தால் போதாதா? போதாது. சிலிக்கன் டிரான்சிஸ்டரில் அதே ஓட்டத்திற்கு வேண்டிய அழுத்தம், வெப்பநிலை ஒவ்வொரு டிகிரி உயரும்போதும் ஏறத்தாழ 2 மில்லி வோல்ட் குறைகிறது. 40 டிகிரி வேறுபாட்டில் இது 80 மில்லி வோல்ட் ஆகும். அழுத்தம் 60 மில்லி வோல்ட் கூடினால் ஓட்டம் பத்து மடங்காகும் இயல்புடைய கருவியில், இவ்வேறுபாடு ஓட்டத்தை ஏறத்தாழ 20 மடங்காக்கும். மிகுந்த ஓட்டம் மேலும் வெப்பத்தை விளைவிக்க, அவ்வெப்பம் ஓட்டத்தை மேலும் பெருக்கும். முடிவில் டிரான்சிஸ்டர் அழியக்கூடும். 1950-களில் பெரிதும் வழங்கிய ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களில் கசிவு ஓட்டமும் மிகுதியாதலால் இவ்வபாயம் பெரிதாயிருந்தது.

இதற்குப் பரிகாரம் உமிழ்ப்பானில் ஒரு தடையை இணைப்பதே. அடிவாயை 1.6 வோல்ட்டில் நிறுத்தி, உமிழ்ப்பானில் 1,000 ஓம் தடையை வைத்தால், அத்தடையில் 1 வோல்ட்டும் 1 மில்லி ஆம்பியரும் அமையும். வெப்பத்தால் ஓட்டம் உயர முயன்றால் தடையிலுள்ள அழுத்தமும் உயர்ந்து, அடிவாய்க்கும் உமிழ்ப்பானுக்கும் இடையிலுள்ள அழுத்தத்தைக் குறைத்துவிடும். அதே 40 டிகிரி வேறுபாட்டில் ஓட்டம் ஏறத்தாழ 1.08 மில்லி ஆம்பியர் அளவிலேயே நிற்கும். அடிவாயில் நிலையான அழுத்தம், ஏற்பானில் நிலையான ஓட்டம்: இரு மூலங்களும் இங்கு ஒன்றுக்கொன்று துணையாகின்றன.

9 வோல்ட் மின்கல அடுக்கைக் கொண்டு ஆசிரியர்கள் இதனை வகுப்பில் காட்டலாம். ஏற்பானில் 1,000 ஓம், பின்னர் 4,700 ஓம் சுமைகளை மாற்றி இணைத்தால் ஓட்டம் மாறாது. 10,000 ஓம் இணைத்தால் ஓட்டம் குறைந்துவிடும். ஏனெனில் அதற்கு வேண்டிய 10 வோல்ட் சுற்றில் இல்லை. மின்னோட்ட மூலத்திற்கும் ஓர் எல்லையுண்டு என்பது இதனால் விளங்கும்.

களப்பணியாளர் சுற்றைத் துண்டிக்காமலே உமிழ்ப்பான் தடையிலுள்ள அழுத்தத்தை அளந்து, தடை மதிப்பால் வகுத்து ஓட்டத்தை அறியலாம். இதனைக் காலையில் ஒருமுறையும் பிற்பகலில் ஒருமுறையும் செய்து ஒப்பிடுதல் நன்று.