வாசலுக்கு வரும் பால்: அதன் கூலி எவ்வளவு?

"வாசலுக்கே பால் வந்துவிடுகிறது, இதைவிட வேறு என்ன வசதி வேண்டும்?" என்று பால் வாங்குவோர் கூறுகின்றனர். "வாசலுக்கே வந்து பாலை எடுத்துச் சென்றுவிடுகிறார்கள்; சங்கத்திற்கு நடக்கும் தொல்லை இல்லை" என்று மாடு வளர்ப்போர் கூறுகின்றனர். ஆகவே பாலுக்கு இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று பால் புறப்படும் வாசல். மற்றொன்று அது சென்று சேரும் வாசல். இவ்விரண்டிற்கும் இடையே பாலைச் சுமந்து செல்பவருக்கு உரிய கூலி கிடைக்க வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடு இல்லை. ஆனால் அக்கூலி எவ்வளவு, அதனை எவ்வழியாகக் கொடுக்கிறோம் என்பதை அறிந்து கொடுக்கிறோமா? இதுவே நாம் ஆராய வேண்டிய கேள்வி. ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் தாமே கணக்கிட்டுப் பார்க்கும் வகையில் இதனை இங்கு விளக்குவோம்.

முற்கால முறை

சென்னை முதலிய நகரங்களில் மாட்டையே வாசலுக்கு ஓட்டி வந்து, வாங்குவோர் கண்முன் கறந்து கொடுக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. தண்ணீர் கலவாத பால் வேண்டும் என்ற எண்ணமே இதற்குக் காரணம். ஆயினும் கறக்கும் செம்பில் முன்னரே தண்ணீர் இருக்கக்கூடும் என்று ஐயுற்று, அதனைக் கவிழ்த்துக் காட்டச் சொல்வார்கள். செம்பு காலியாக இருந்தாலும், நுரையோடு அளந்தால் அளவு குறையும். கன்று இறந்த பின் அதன் தோலில் வைக்கோல் அடைத்து மாட்டின் முன் நிறுத்திக் கறந்ததும் உண்டு. மாடே வாசலுக்கு வந்தபோதிலும் சந்தேகம் தீரவில்லை. அளவும் சோதனையும் இல்லாத இடத்தில் கண்ணால் காண்பது மட்டும் போதாது என்பதே இதனால் அறியும் பாடம்.

தமிழகத்தில் பால்வள மேம்பாட்டுக்கெனத் தனித்துறை 1958 ஆம் ஆண்டில் ஏற்பட்டது. கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் இணையம் 1981 ஆம் ஆண்டில் அமைந்தது. ஆவின் என்று நாம் அழைப்பது இதனையே. கொழுப்புச் சத்தைச் சோதித்து விலை கொடுப்பதும், சத்தின் அளவை உறையில் அச்சிட்டு விற்பதும் இத்தகைய அமைப்புகளால் பரவிய நன்முறைகளாகும்.

வாங்குவோர் கணக்கு

ஒரு குடும்பம் நாள்தோறும் 1 லிட்டர் பால் வாங்குகிறது என்று கொள்வோம். பால் நிலையம் 1 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. சென்று திரும்ப அரை மணி நேரம் ஆகும். மாதத்திற்கு 15 மணி நேரம். வாசலில் கொண்டு வந்து கொடுப்பவர் லிட்டருக்கு 2 ரூபாய் கூடுதலாகப் பெற்றால் மாதத்திற்கு 60 ரூபாய் ஆகிறது. 15 மணி நேர அலைச்சலைத் தவிர்ப்பதற்கு 60 ரூபாய் பெருஞ்செலவன்று. முதியோர் மட்டுமே உள்ள வீட்டிற்கும், காலையில் வேலைக்குச் செல்லும் பெண்மணிக்கும் இது உண்மையான உதவியேயாகும்.

இனி, கண்ணுக்குத் தெரியாத கூலியைக் கணக்கிடுவோம். பாலின் விலை லிட்டருக்கு 50 ரூபாய் என்க. நுரையோடு அளப்பதால் 50 மில்லி லிட்டர் குறைகிறது. மேலும் 100 மில்லி லிட்டர் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. ஆக 150 மில்லி லிட்டர் பாலுக்கு வீணாகப் பணம் கொடுக்கிறோம். இது நாளொன்றுக்கு 7 ரூபாய் 50 காசு. மாதத்திற்கு 225 ரூபாய். வெளிப்படையாகக் கேட்ட கூலியைப் போல் இது ஏறக்குறைய நான்கு மடங்காகும். இவ்வெண்கள் எடுத்துக்காட்டுக்காகக் கொண்டவையே. அவரவர் ஊர் விலையை இட்டுப் பார்த்தால் அவரவர் கணக்குக் கிடைக்கும்.

தண்ணீர் கலப்பதற்குப் பேராசை ஒன்றே காரணம் என்று எண்ணுதல் தவறு. கோடையில் பசுந்தீவனம் குறைகிறது, கறவையும் குறைகிறது. ஆனால் வாடிக்கை வீடுகளின் தேவை குறைவதில்லை. பத்து வீட்டிற்குப் பால் ஊற்றுபவர், எட்டு வீட்டிற்கே பால் உள்ள நாளில், "இன்று உங்களுக்கு அரை லிட்டர்தான்" என்று சொல்லத் தயங்குகிறார். அத்தயக்கமே தண்ணீராகப் பாலில் சேர்கிறது. குறைவை ஒளிக்காமல் கூறும் பால்காரரை மாற்றிவிடாமல் ஆதரித்தல் வாங்குவோரின் கடமை.

சோதனை முறைகள்

பால்மானி என்னும் லாக்டோமீட்டர் பாலின் அடர்த்தியைக் காட்டும் கருவி. தண்ணீர் சேர்ந்தால் அடர்த்தி குறையும். ஆனால் ஆடையை எடுத்துவிட்டால் அடர்த்தி கூடும். ஆதலின், ஆடையை எடுத்துவிட்டுத் தண்ணீரும் சேர்த்த பாலைப் பால்மானியில் இட்டால் நல்ல பாலைப் போலவே காட்டக்கூடும். கொழுப்புச் சத்தையும் சேர்த்துச் சோதித்தால்தான் உண்மை விளங்கும். இது சங்கங்களில் செய்யப்படும் சோதனை.

வீட்டில் செய்யத்தக்க எளிய சோதனைகளும் உள்ளன. சாய்வான வழவழப்புப் பரப்பில் ஒரு துளி பாலை விடுக. நல்ல பால் மெல்ல இறங்கி, வெண்ணிறச் சுவடு விட்டுச் செல்லும்; தண்ணீர் கலந்தது சுவடின்றி விரைந்து ஓடும். காய்ச்சி ஆற வைத்த பாலில் அயோடின் சில துளிகள் விட்டு நீல நிறம் தோன்றினால் மாவுப்பொருள் கலந்துள்ளது என அறியலாம்.

உறைப்பால் வாங்குவோர் அதன்மீது அச்சிட்டுள்ளதைப் படித்தல் வேண்டும். சமன்படுத்தப்பட்ட பாலில் கொழுப்பு 3 சதவீதமும், இதரச் சத்து 8.5 சதவீதமும் இருத்தல் வேண்டும். நிறைகொழுப்புப் பாலில் இவை முறையே 6, 9 சதவீதமாகும். விலை குறைந்த பால் கலப்படப் பால் என்று எண்ணுதல் கூடாது. அதில் கொழுப்புக் குறைவு, அவ்வளவே.

வெப்பமும் நேரமும்

மடியிலிருந்து வரும் பால் ஏறக்குறைய 37 டிகிரி வெப்பத்தில் இருக்கிறது. கிருமிகள் விரைவாகப் பெருகுவதற்கு அதுவே ஏற்ற நிலை. ஆகவே கறந்த நேரத்திற்கும், குளிர வைக்கும் அல்லது காய்ச்சும் நேரத்திற்கும் இடைப்பட்ட காலம் எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு நன்மை. தொகுப்புப் பால் குளிர்விப்பு நிலையங்களில் பாலை 4 டிகிரி அளவிற்குக் குளிர்விப்பது இதன் பொருட்டே. பதப்படுத்தும் நிலையத்தில் பாலை 72 டிகிரியில் 15 விநாடி வைத்து, உடனே குளிர்விக்கின்றனர். சில்லறையாக வாசலில் வாங்கும் பாலுக்கு இப்பாதுகாப்பு இல்லை. அதனைப் பொங்கக் காய்ச்சிய பின்னரே அருந்த வேண்டும். காசநோயும், கன்று வீச்சு நோயும் பச்சைப் பாலின் வழியே மனிதருக்குப் பரவக்கூடியவை. காய்ச்சாத பாலே சத்து மிகுந்தது என்று கூறுவோர் சொல்லைக் குழந்தைகள் விஷயத்தில் ஒருபோதும் ஏற்றல் கூடாது.

கறப்போர் கணக்கு

இப்போது பால் புறப்படும் வாசலுக்கு வருவோம். இங்கேதான் பெருந்தொகை மறைந்து கிடக்கிறது.

வியாபாரி வாசலுக்கு வருகிறார். பல ஊர்களில் கறவைக்காரரையும் தாமே அழைத்து வருகிறார். கறக்கத் தெரிந்தவர் இல்லாத வீட்டிற்கு அது பேருதவி. மகள் திருமணத்திற்கோ, மாடு வாங்குவதற்கோ முன்பணமும் தருகிறார். சங்கத்தில் பட்டுவாடா தாமதமாகும் காலத்தில் கையில் ரொக்கம் வைக்கிறார். இவ்வுதவிகளை நாம் குறைத்துக் கூறவில்லை. அவற்றின் விலையை மட்டும் கணக்கிடுவோம்.

ஒரு விவசாயி 10,000 ரூபாய் முன்பணம் பெற்று, நாளொன்றுக்கு 5 லிட்டர் பால் ஊற்றுகிறார். சங்க விலையைவிட லிட்டருக்கு 4 ரூபாய் குறைவாக வியாபாரி கொடுக்கிறார் என்க. நாளொன்றுக்கு 20 ரூபாய். மாதத்திற்கு 600 ரூபாய். மாடு ஆண்டு முழுவதும் கறந்தால் 7,200 ரூபாய். ஆண்டின் இறுதியில் அசல் 10,000 ரூபாய் அப்படியே நிற்கிறது. வட்டியில்லாக் கடன் என்று எண்ணி வாங்கியது, நூற்றுக்கு 72 வட்டியாக முடிந்தது! அசலைத் தீர்க்கும் வரையில் வேறிடத்தில் பால் ஊற்றவும் இயலாது. வாசலுக்கு வந்தது வசதியா, கட்டா என்பதை இக்கணக்கே கூறும்.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. வியாபாரி பெரும்பாலும் லிட்டருக்கு ஒரே விலை வைக்கிறார். எருமைப் பாலில் கொழுப்பு 6 சதவீதத்திற்கும் மேல் இருப்பது இயல்பு. கலப்பினப் பசுவின் பாலில் பெரும்பாலும் 4 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். ஒரே விலையில் கொடுத்தால் எருமை வைத்திருப்பவர் இழக்கிறார். சங்கத்தில் எடைக் கணக்கில் பால் வாங்கினால், 1 லிட்டர் பால் ஏறக்குறைய 1.03 கிலோ என்பதையும் நினைவில் கொள்க. விலை லிட்டருக்கா, கிலோவுக்கா என்று கேட்டறியாமல் இரண்டு விலைகளை ஒப்பிடுதல் பயனற்றது.

முன்பணத்திற்கு மாற்று வழி உண்டு. பயிர்த்தொழிலுக்கு மட்டும் இருந்த விவசாயக் கடன் அட்டைத் திட்டம், 2018-19 ஆம் ஆண்டு மத்திய வரவு செலவுத் திட்ட அறிவிப்பின்படி கால்நடை வளர்ப்போருக்கும் விரிவுபடுத்தப்பட்டது. வங்கியிலோ, கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ இதற்கு விண்ணப்பித்து, வியாபாரியின் அசலைத் தீர்த்துவிட்டால் பால் யாருக்கு என்று தீர்மானிக்கும் உரிமை மீண்டும் மாட்டுக்காரருக்கே வந்துவிடும்.

இவ்வுரிமையின் அருமையை இன்றைய குஜராத் மாநிலத்தின் கேடா மாவட்டத்து விவசாயிகள் உணர்ந்தனர். தம் பாலை இடைத்தரகர் வைத்த விலைக்கே கொடுக்க வேண்டியிருந்த நிலையை மாற்ற, அவர்கள் 1946 ஆம் ஆண்டில் பால் கொடுக்க மறுத்து ஒன்றுபட்டனர். அவ்வாண்டு டிசம்பரில் தமது கூட்டுறவு ஒன்றியத்தைப் பதிவு செய்தனர். திரிபுவன்தாஸ் பட்டேல் அதற்குத் தலைமை ஏற்றார். அமுல் என்று நாடறிந்த ஸ்தாபனம் அதுவே.

நாமே கொண்டு சென்றால்?

"இடையில் ஒருவர் எதற்கு? அருகிலுள்ள நகரத்து வீடுகளுக்கு நாமே ஊற்றுவோம்" என்று ஊர் இளைஞர் சிலர் முன்வருகின்றனர். முயற்சி நன்றே. 30 லிட்டர் பாலை லிட்டருக்கு 10 ரூபாய் அதிகமாக விற்றால் நாளொன்றுக்கு 300 ரூபாய் கிடைக்கும். இதில் பெட்ரோல் செலவு, காலையும் மாலையும் செலவாகும் நேரம், விற்காமல் மிஞ்சும் பால், மாதக் கடைசியில் வராத பாக்கி ஆகியவற்றைக் கழித்தல் வேண்டும். மீதி ஒரு நாள் கூலிக்குக் குறையாமல் இருந்தால் தொழிலை மேற்கொள்ளலாம். தனியொருவராகச் செய்வதைவிட நான்கைந்து பேர் சேர்ந்து செய்வது நலம். ஒரு வீட்டு மாடு வற்றும்போது மற்றொரு வீட்டுப் பால் கைகொடுக்கும். பால் விற்பவர் உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2006 இன்படி பதிவு பெறுதலும், முத்திரையிட்ட அளவையைப் பயன்படுத்துதலும் அவசியம்.

எவ்வழியில் விற்பினும், விற்பதற்கு முன் வீட்டுக் குழந்தைகளுக்குரிய பங்கை எடுத்து வைத்தல் வேண்டும். மாடு நிற்கும் வீட்டில் பிள்ளை வறத்தேநீர் குடிப்பது எந்தக் கணக்கிலும் லாபமாகாது.

ஊராட்சி செய்யத்தக்கவை

சங்கத்தின் பால் சேகரிப்பு இடம் தொலைவில் இருப்பதே பலர் வியாபாரியை நாடுவதற்குக் காரணம். தொலைவான தெருவிற்கு ஒரு துணைச் சேகரிப்பு இடம் வேண்டுமெனச் சங்கத்தைக் கேட்டுக்கொண்டு, இடமும் விளக்கும் தண்ணீரும் கழிவுநீர் வடிகாலும் ஊராட்சி அளிக்கலாம். அன்றாடச் சங்க விலையை அறிவிப்புப் பலகையில் எழுதச் செய்யலாம். ஊற்றுபவர் முன்னிலையிலேயே சோதனை செய்து, முடிவைச் சீட்டில் குறித்துத் தருமாறு வற்புறுத்தலாம். பட்டுவாடா தாமதமானால் அதனைக் கிராம சபையில் எழுப்பலாம். சங்கம் சரியாக நடந்தால் வியாபாரியும் விலையைக் கூட்டியே ஆக வேண்டும். சங்கத்தில் ஊற்றாதவருக்கும் சங்கத்தால் விளையும் நன்மை இது.

முடிவுரை

வாசலுக்குப் பால் வருவதும், வாசலிலிருந்து பால் செல்வதும் பயனுள்ள பணிகளே. அளவு சரியாக இருந்து, சத்துச் சோதிக்கப்பட்டு, கூலி தனியே வெளிப்படையாகக் கேட்கப்படுமாயின் தயங்காமல் கொடுக்கலாம். அக்கூலி நுரையிலும் தண்ணீரிலும் முன்பணத்திலும் ஒளிந்திருக்குமாயின், அத்தகைய வசதி நமக்கு வேண்டற்பாலதன்று.

கிராம சபையில் விவாதித்தற்குரிய வினாக்கள்

1. நமது ஊரில் நாள்தோறும் எத்தனை லிட்டர் பால் கறக்கப்படுகிறது? அதில் சங்கத்திற்குச் செல்வது எவ்வளவு, வியாபாரிக்குச் செல்வது எவ்வளவு?

2. சங்க விலைக்கும் வியாபாரி விலைக்கும் வேறுபாடு யாது? ஊர் முழுவதற்கும் அது மாதத்திற்கு எத்தனை ரூபாய் ஆகிறது?

3. முன்பணம் பெற்றுள்ள குடும்பங்கள் எத்தனை? அவற்றுள் கடன் அட்டைக்கு விண்ணப்பித்தவை எத்தனை?

4. சேகரிப்பு இடம் தொலைவில் இருப்பதால் சங்கத்திற்கு வராத தெருக்கள் எவை?