தஞ்சாவூர் தந்த பயிற்சியாளர்

கேள்வி: அமெரிக்காவில் கல்லூரி அணியின் கால்பந்துப் பயிற்சியாளருக்குப் பெரும் புகழாமே! தமிழர்களில் அப்படி யாரும் இல்லையா?
– வாசகர், மூலனூர்

பதில்: அங்கே பல மாநிலங்களில் ஆளுநரைவிடக் கல்லூரிப் பயிற்சியாளருக்குச் சம்பளம் அதிகம். ஆனால் அது பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறு ஆட்டம்.

நாம் கொண்டாட வேண்டியவர் தஞ்சாவூர்க்காரரான சைமன் சுந்தர்ராஜ். 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணிக்காக ஆடினார். அங்கே பெரு அணியிடம் 1-3 என்று தோற்றோம். அதன்பின் இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெறவே இல்லை. ஆக, ஒலிம்பிக்கில் கடைசியாக ஆடிய இந்தியக் கால்பந்து அணியில் ஒரு தமிழர் இருந்தார்!

அந்த அணியின் பயிற்சியாளர் ஹைதராபாத் சையத் அப்துல் ரஹீம். பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் தென்கொரியாவை 2-1 என வென்று தங்கம் வாங்கிக் கொடுத்தார். மறு ஆண்டே புற்றுநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது.

அப்படிப்பட்ட ஆசானிடம் ஆடிய சைமன், பின்னாளில் கேரள அணிக்குப் பயிற்சியாளரானார். 1973இல் எர்ணாகுளத்தில் ரயில்வே அணியை 3-2 என வீழ்த்தி, கேரளம் முதல்முறையாகத் தேசியக் கால்பந்துப் போட்டியான சந்தோஷ் கோப்பையை வென்றது. கேப்டன் மணி மூன்று கோல்களையும் அடித்தார். மலையாளிகள் அந்த வெற்றியை இன்றும் பேசுகிறார்கள்; அதை வடிவமைத்த தமிழரை நாம்தான் பேசுவதில்லை. எனக்கு இது பெரிய மனக்குறை.

உங்கள் ஊர்ப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரிடம் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு இவர் கதையை அவர் சொல்லட்டும்.