கையெழுத்துப் போடுவது யார்?

ஆரியசாலை,
திருவனந்தபுரம்.

அன்புள்ள மருமகள் மீனாவுக்கு,

செயற்கை நுண்ணறிவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2024-இலேயே தனிச் சட்டம் கொண்டுவந்துவிட்டதே, இந்தியா மட்டும் ஏன் வழிகாட்டு நெறிகளோடு நின்றுவிட்டது என்று கேட்டிருந்தாய். சட்டம் படிக்கிறவள் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பதிலைத் தில்லியில் தேடுவதற்கு முன் இங்கே வஞ்சியூரில் இருக்கும் மாவட்டக் கோர்ட்டைப் பார். அங்கே நடப்பதைக் கட்டுப்படுத்தும் ஏ.ஐ. விதி ஒன்றைக் கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலை 19-இல் மாவட்ட நீதிமன்றங்கள் எல்லாவற்றுக்குமாக வெளியிட்டது. தீர்ப்பு, உத்தரவு, நிவாரணம் எதையும் முடிவு செய்ய ஏ.ஐ. கருவியைப் பயன்படுத்தக் கூடாது. அனுமதி பெற்ற கருவிகளை மட்டுமே தொடலாம். கருவி எடுத்துக் கொடுக்கும் முன்தீர்ப்புகளை மனிதர் சரிபார்க்க வேண்டும். மொழிபெயர்ப்பைத் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரோ நீதிபதியோ பார்க்க வேண்டும். எந்தக் கருவியை எப்போது பயன்படுத்தினார்கள், எப்படிச் சரிபார்த்தார்கள் என்பதற்குப் பதிவேடு உண்டு. மீறினால் ஒழுங்கு நடவடிக்கை. பாராளுமன்றத்துக்குப் போகாமல், புது ஆணையம் எதுவும் அமைக்காமல் செய்த காரியம் இது.

இதன் பலம் எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பார். செயற்கை நுண்ணறிவு என்றால் என்ன என்ற வரையறையில் அது இல்லை. எந்த வேலை, அந்த வேலைக்குப் பொறுப்பு யார், தவறினால் யாரைப் பிடிப்பது என்பதை விதி சொல்கிறது. நம்மைப் போன்ற நாட்டுக்கு இந்த வழியே பொருந்தும் என்பது என் கட்சி. பெரிய சட்டம் ஒன்று வரட்டும் என்று காத்திருப்பதைவிட, அரசு தன் கையிலுள்ள இயந்திரங்களுக்கு முதலில், துறை துறையாக விதி எழுத வேண்டும். இயந்திரத்தால் முதலில் அடிபடுகிறவர்கள் ரேஷன் கார்டும் பென்ஷனும் வாங்குகிறவர்கள். அவர்களை அடிப்பதும் பெரும்பாலும் அரசு அலுவலகத்துக் கணினியே.

தெலங்கானாவில் நடந்ததைக் கேள். ‘சமக்ர வேதிகா’ என்ற அமைப்பு பல துறைகளின் பதிவேடுகளை ஒன்றோடொன்று கோத்து, யார் வசதியுள்ளவர் என்று கணித்தது. பெயர் ஒத்துப்போனதால் ஏழைக் குடும்பம் கார் வைத்திருப்பதாகக் காட்டிய பிழையும் அதில் உண்டு. அந்த மாநிலத்தில் சுமார் 19 லட்சம் ரேஷன் கார்டுகள் ரத்தாகியிருந்தன. அவற்றை நேரில் போய்ச் சரிபாருங்கள் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. மறு பரிசீலனையில், பார்த்து முடித்தவற்றுள் நூற்றுக்கு ஏழுக்கும் மேற்பட்டவை தவறாக நீக்கப்பட்டவை என்று தெரிந்தது. நெதர்லாந்திலும் இதே கதை. குழந்தைப் பராமரிப்பு உதவித் தொகையில் மோசடி செய்ததாக ஆயிரக்கணக்கான பெற்றோர்மேல் தவறாகப் பழி விழுந்தது. 2021 ஜனவரியில் அமைச்சரவையே பதவி விலகியது. அங்கே மந்திரி சபை போனது. இங்கே போனது அரிசி.

வளரும் நாட்டில் விதி போட்டால் தொழில் படுத்துவிடும் என்பார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. 2024 மார்ச் 1-இல் மத்திய மின்னணுவியல் அமைச்சகம், சோதித்து முடிக்காத ஏ.ஐ. மாதிரிகளை வெளியிட அரசின் அனுமதி வேண்டும் என்றது. எது சோதித்தது, எது சோதிக்காதது என்று யாருக்கும் விளங்கவில்லை. கூச்சல் எழுந்தது, இரண்டு வாரத்தில் அந்த நிபந்தனை போய்விட்டது. இப்படிப்பட்ட விதி கெடுதல்தான். ஆனால் ரேஷன் கார்டை ரத்து செய்யுமுன் ஓர் ஆள் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதால் எந்தப் புதுத் தொழில் படுத்துவிடும்? அதே மாதம் ஏ.ஐ. வளர்ச்சித் திட்டத்துக்கு 10,300 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கிய அரசுக்கு, அந்த ஆளின் சம்பளம் ஒரு பாரமா?

இதைவிடக் கனமான ஆட்சேபணை இன்னொன்று. மனிதர் சரிபார்க்க வேண்டும் என்று எழுதிவிட்டால் போதுமா? பரபரப்பான அலுவலகத்தில் அது ரப்பர் ஸ்டாம்பாக முடியாதா? முடியும். கேரளத்தின் ஏ.ஐ. கேமராக்களை எடுத்துக்கொள். 726 கேமராக்கள், 2023 ஜூன் 5 முதல் அபராதம். ஹெல்மெட், சீட் பெல்ட், கைபேசி ஆகியவற்றைப் பிடிப்பவை அவற்றில் 675. படம் எடுப்பது இயந்திரம், நோட்டீஸ் போவது மோட்டார் வாகனத் துறை அதிகாரியின் பெயரில். நாள் முழுக்கப் படம் வந்து குவியும்போது அந்த அதிகாரி ஒவ்வொன்றையும் எத்தனை நொடி பார்க்கிறார்? அந்த வருஷம் ஊரெல்லாம் பேசியது ஒப்பந்தப் பணத்தைப் பற்றி. இந்தக் கேள்வி அதிகம் எழவில்லை. ஆகவே சரிபார்ப்பவர் பெயரோடு கணக்கும் வெளியே வர வேண்டும்: எத்தனை படங்களை அவர் தள்ளினார், எத்தனை நோட்டீஸ் முறையீட்டில் ரத்தானது. தள்ளியது ஒன்றுமே இல்லை என்றால் அங்கே சரிபார்ப்பு நடக்கவில்லை என்று பொருள். கோர்ட்டுப் பதிவேட்டின் அருமை இதனால்தான்.

தனியார் நிறுவனங்களை இந்த வழி தொடவில்லையே என்பாய். ஒப்புக்கொள்கிறேன், அதற்கு மத்தியச் சட்டம் வேண்டும். ஆனால் 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 17-ஆம் பிரிவைப் படித்துப் பார். அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்கும் அதிகாரத்தை மத்திய அரசு தன்னிடமே வைத்துக்கொண்டிருக்கிறது. தன்னைக் கட்டிக்கொள்ளாத அரசு எழுதும் ஏ.ஐ. சட்டம் யாரைக் கட்டும்? மாநிலங்களும் சும்மா இருக்க வேண்டியதில்லை. தமிழ்நாடு 2020-இலேயே, அரசு பயன்படுத்தும் ஏ.ஐ. பாதுகாப்பாகவும் நெறியோடும் இருக்கத் தனிக் கொள்கை வெளியிட்டது. ஆனால் கொள்கை ஏட்டுக்கும் தாலுகா ஆபீஸுக்கும் நடுவே பாலம் கட்டுவது, கோர்ட்டு விதியில் இருக்கும் ‘மீறினால் ஒழுங்கு நடவடிக்கை’ என்கிற அந்த ஒரு வரி.

நம் ஆட்களுக்கு நேரே உறைக்கிற இடம் ஒன்றையும் சொல்கிறேன். கேரளத்தின் 1969-ஆம் வருஷத்து ஆட்சிமொழிச் சட்டப்படி, இங்குள்ள தமிழர்கள் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம். தேவிகுளத்திலிருந்து ஒருவர் தமிழில் மனுக் கொடுத்து, அலுவலகம் அதை இயந்திரத்தால் மலையாளமாக்கிப் படித்து, பட்டா விவரம் புரண்டுபோனால் என்ன ஆகும்? மொழிபெயர்ப்பை மனிதர் பார்க்க வேண்டும் என்ற உயர் நீதிமன்ற விதி கோர்ட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. அதைத் தலைமைச் செயலகத்துக்கும் தாலுகாவுக்கும் நீட்ட ஓர் அரசாணை போதும். அதற்கு ஒரு வரைவு எழுதி அனுப்பு, திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
மாமா