எச்சரிக்கை வரியைப் படி, தம்பி

அன்புத் தம்பிக்கு,

எம்1 மேக்கில் கிராஸ் ஜிஐஎஸ்ஸை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்தது பற்றி நீ எழுதிய குறிப்பைப் படித்தேன். கிராஸ் என்றால் என்ன, அதற்கு ஜிடால் எதற்கு என்றெல்லாம் நமக்குள் பேச வேண்டியதில்லை. நேராக நான்காம் பத்திக்கு வருகிறேன். அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

ஜிடால் லைப்ரரியைக் காணோம் என்று கன்ஃபிகர் நின்றிருக்கிறது. நீ லிங்கருக்கு 'அன்டிஃபைன்ட் டைனமிக் லுக்கப்' ஃப்ளாக்கைக் கொடுத்து அதன் வாயை அடைத்துவிட்டு, 'பிரச்சினை தீர்ந்தது' என்று எழுதியிருக்கிறாய். எங்கே தீர்ந்தது? உன் தலையில் விழ வேண்டியதைப் பயன்படுத்துபவர் தலையில் தள்ளிவிட்டாய். யாரோ ஒருவர் செயற்கைக்கோள் படத்தை உள்ளே கொண்டுவர ஆர்.இன்.ஜிடாலை ஓட்டுவார். சிம்பல் கிடைக்கவில்லை என்று அது அங்கே விழும். ஆர்ம்64, எக்ஸ்86 வித்தியாசமெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? தன் படக்கோப்புதான் கெட்டுவிட்டது என்று நினைப்பார்.

ஜிடால் எங்கும் காணாமல் போகவில்லை. பழைய இன்டெல் மேக்கில் இருந்ததை எல்லாம் மைக்ரேஷன் அசிஸ்டன்ட் வழியாக மாற்றிக்கொண்டதாக முதல் பத்தியில் நீயே சொல்கிறாய். விடை அங்கேயே இருக்கிறது. இன்டெல் மேக்கில் ஹோம்ப்ரூவின் இடம் /யூஎஸ்ஆர்/லோக்கல். ஆப்பிள் சிலிக்கனில் /ஆப்ட்/ஹோம்ப்ரூ. பழையதும் கூடவே வந்து பாத்தில் முன்னால் நின்றதால், கன்ஃபிகர் கையில் அகப்பட்டது பழைய ஜிடால்-கன்ஃபிக். அது வெறும் ஷெல் ஸ்கிரிப்ட். எந்தச் சிப்பிலும் ஓடும், கேட்டால் தன் லைப்ரரி இருக்கும் இடத்தைத் தயங்காமல் சொல்லும். அங்கே கிடப்பதோ எக்ஸ்86_64 டைலிப். ஆர்ம்64க்குக் கட்டிக்கொண்டிருக்கும் லிங்கர் அதைத் திறந்து பார்த்து, ஒதுக்கிவிட்டு, இது வேறு ஆர்க்கிடெக்சருக்குக் கட்டிய கோப்பு என்று எழுதி வைக்கிறது. அதைப் பிழையாக எழுதுவதில்லை, வெறும் எச்சரிக்கையாக எழுதுகிறது. சிம்பல் இல்லை என்ற பிழை அதற்குக் கீழேதான் வரும். எல்லோரும் அந்தக் கீழ் வரியை நகலெடுத்துத் தேடப் போகிறார்கள், மேல் வரியை யாரும் படிப்பதில்லை. கன்ஃபிகர் இரண்டையுமே திரையில் காட்டாது. ஆனால் கன்ஃபிக்.லாக்கில் இரண்டும் அப்படியே இருக்கும். உன் குறிப்பில் ஓரிடத்தில்கூடக் கன்ஃபிக்.லாக் வரவில்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இந்தப் பாடு புதிதல்ல. 2009இல் ஸ்னோ லெப்பர்ட் வந்தபோது ஜிசிசி தானாகவே 64 பிட்டுக்குக் கட்ட ஆரம்பித்தது. /யூஎஸ்ஆர்/லோக்கலில் கிடந்தவையோ லெப்பர்ட் காலத்து 32 பிட் லைப்ரரிகள். கிராஸ் 6.4ஐக் கட்டினோம். மாட்யூல்கள் எல்லாம் அழகாக ஓடின, விண்டோ மட்டும் திறக்கவில்லை. டபிள்யூஎக்ஸ்பைத்தான் அப்போது கார்பனை நம்பி இருந்தது. கார்பன் இடைமுகத்துக்கு 64 பிட் கிடையாது. ஆப்பிள் கொடுத்த பைத்தானோ 64 பிட்டில்தான் எழும். அதை 32 பிட்டில் எழுப்புவதற்கென்றே ஓர் என்விரான்மென்ட் வேரியபிள் இருந்தது. அன்று என்னோடு வேலை பார்த்த ஓர் அண்ணன், எந்தப் பிழை வந்தாலும் முதலில் 'ஃபைல்' கமாண்டைத்தான் தட்டுவார். லைப்ரரி, கம்பைலர், பைத்தான், கடைசியில் ஷெல் வரைக்கும் ஒவ்வொன்றையும் எந்த ஊர் என்று விசாரித்துவிட்டுத்தான் மேலே போவார். நான் தொழில் கற்றது அவரிடம்.

டெர்மினலையே ரொசெட்டாவில் திறந்துகொள்ளலாம் என்ற உன் பின்குறிப்பையும் எடுத்துவிடு. அப்படித் திறந்தால் யூநேம் எக்ஸ்86_64 என்றே சொல்லும், அதற்குப் பிறகு கட்டுவதெல்லாம் இன்டெல்லுக்கே போகும். பவர்பிசி நிரல்களுக்காக 2006இல் வந்த முதல் ரொசெட்டாவை 2011இல் லயன் வந்ததோடு ஆப்பிள் எடுத்துவிட்டது. அதை நம்பி இருந்தவர்கள் பட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அந்தப் பைத்தான் பகுதி! நம்பையின் ஒவ்வொரு எஸ்ஓ கோப்பையும் லிப்போவால் சோதித்து, ஓட்டூலால் அது எதை இழுக்கிறது என்று பார்த்து, பிப் ஓடிய ஷெல்லே ரொசெட்டாவில் இருந்ததுவரை துரத்திப் பிடித்திருக்கிறாய். இவ்வளவு தெளிவாக எழுதிய ஒரு குறிப்பை நான் பல வருஷமாகப் பார்த்ததில்லை. இரண்டு முறை படித்தேன். பைத்தானிடம் காட்டிய அந்தப் பொறுமையை ஜிடாலிடமும் காட்டு.

அந்த ஃப்ளாக்கை நீக்கு. /ஆப்ட்/ஹோம்ப்ரூவில் இருக்கும் ஜிடால்-கன்ஃபிக்கின் முழுப் பாதையையும் கன்ஃபிகருக்கு நீயே கொடு. அதற்கு முன் மறக்காமல் மேக் டிஸ்ட்கிளீன் ஓட்டு. போன தடவை கட்டிய ஆப்ஜெக்ட் கோப்புகள் இன்னும் அங்கேதான் கிடக்கும்.

அன்புடன்,
உன் அண்ணன்