தங்கம் அசல், காசு அசலா?

புனேயில் பழைய தங்கக் காசு சேர்க்கிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், எங்கே தொடங்கினாலும் சிவாஜியின் ஹோனில்தான் வந்து நிற்கும். 1674 ஜூனில் ராய்கட்டில் முடிசூடிய மன்னர் தம் பெயரில் வெளியிட்ட தங்கக் காசு. மூன்று கிராம்கூட எடை வராது. உருவம் ஏதும் இல்லை. ஒரு பக்கம் ‘ஸ்ரீ ராஜா சிவ’, மறுபக்கம் ‘சத்ரபதி’, சுற்றிலும் புள்ளி வளையம். மிஞ்சியிருப்பவை மிகச் சில. விற்பனைக்கு வருபவையோ குறைவதே இல்லை.

“சுத்தத் தங்கம் சாஹேப், எந்தக் கடையில் வேண்டுமானாலும் காட்டுங்கள்” என்றார் என்னிடம் ஹோன் காட்டிய ஒரு வியாபாரி. அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஹோனுக்குக் கிடைக்கும் விலை அதிலுள்ள தங்கத்தின் விலையைப் போலப் பல மடங்கு என்பதால், போலி செய்கிறவன் நல்ல தங்கத்திலேயே செய்கிறான். சோன்யா மாருதி சௌக்கின் நகைக்கடைக்காரர்களான சராஃப்கள் மாற்று எத்தனை என்று துல்லியமாகச் சொல்லிவிடுவார்கள்; எந்த நூற்றாண்டில் அடித்தது என்பதை உரைகல் சொல்லாது. உரசினால் காசில் கீறல் விழுவதுதான் மிச்சம்.

அடர்த்தி பார்ப்பது நல்ல வழி. காசை நூலில் கட்டி நீரில் தொங்கவிட்டு எடை குறைவதை அளக்க வேண்டும். ஆனால் 3.4 கிராம் விஜயநகர வராகன் நீரில் இழப்பது 0.2 கிராமுக்கும் குறைவு. தராசு 0.01 கிராம் பிசகினாலே அடர்த்தி எண் ஒன்று ஏறியோ இறங்கியோ விடும். மில்லிகிராம் காட்டும் தராசு இல்லாமல் இதில் இறங்காதீர்கள். இதுவும் உலோகத்தைத்தான் சொல்லும், காலத்தை அல்ல.

காலத்தைச் சொல்வது எழுத்து. அதற்குக் கண்ணைப் பழக்க வேண்டும். புனேக்காரர்களுக்கு இதில் ஒரு பாக்கியம்: சிவராய் என்னும் செப்புக் காசு! அதிலும் அதே வாசகம்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் புழங்கியதால் இன்றும் மலிவாகக் கிடைக்கிறது. புதன், ஞாயிறுகளில் கூடும் ஜூனா பஜாரில் கைநிறையப் பார்க்கலாம். பத்து மடங்கு லென்ஸ் வைத்து, ‘ஸ்ரீ’ வளையும் விதம், ‘சி’யின் எழுத்துப் பேதங்கள், அச்சு விலகி அடித்ததால் ஓரத்தில் வெட்டுப்பட்ட எழுத்து எல்லாவற்றையும் பாருங்கள். சம்மட்டி அடியில் உலோகம் நெருங்கி ஓடியிருக்கும். வார்ப்புக் காசில் எழுத்தின் விளிம்பு மழுங்கி, பள்ளங்களில் ஊசிமுனைக் குமிழிகள் தெரியும். முதலில் செம்பு, பிறகு தங்கம் என்பதே என் பிடிவாதமான கருத்து.

புதளி மாலைக் காசுகள் எனக்குத் தனிப் பிரியம். நம் காசுமாலை போல, வெனிஸ் நகர டக்கட் காசுகளை மராட்டியப் பெண்கள் கோத்து அணிந்தார்கள். உள்ளூர்த் தட்டார்கள் அதைப் பார்த்துச் செய்தவையும் உண்டு. கொக்கி பற்றவைத்த தழும்பு விலையைக் குறைக்கும். தழும்பை மெருகிட்டு மறைத்த காசை நான் தொடுவதில்லை.

ரசீதில் எடை, விட்டம், இரு பக்கப் படம் மூன்றும் இருக்கட்டும். வயலில் கிடைத்தது என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்: 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேற்பட்ட கண்டெடுப்பைக் கலெக்டரிடம் தெரிவித்தாக வேண்டும். நூறாண்டு கடந்த காசைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தராது. அமெரிக்காவில் உள்ள மகனுக்குப் பரிசாக எடுத்துப்போக நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.