உங்கள் எஸ்.எஸ்.டி. பெட்டியில் போட்ட வேகத்தில் ஓடுகிறதா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் சொல்வது, "எஸ்.எஸ்.டி. போட்டுத் தருகிறோம் சார், பறக்கும்" என்பதுதான். பறக்கிறதா இல்லையா என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை. விண்டோஸ் சீக்கிரம் திறந்தால் திருப்தி அடைந்து விடுகிறோம். ஆனால் கொடுத்த பணத்திற்குச் சரியான டிரைவ்தான் உள்ளே இருக்கிறதா, அது சரியான இடத்தில் பொருத்தப்பட்டிருக்கிறதா என்பதை அரை மணி நேரத்தில் நாமே சோதித்து விடலாம். பொருளை மாற்றித் தரக் கடைகள் கொடுக்கும் அவகாசம் சில நாட்கள்தான். எனவே வாங்கிய வாரத்திலேயே இதைச் செய்து விடுங்கள்.

என் கதையையே சொல்கிறேன். என் டெஸ்க்டாப்பிற்காக 500 ஜி.பி. கொள்ளளவு உள்ள என்விஎம்இ வகை எஸ்.எஸ்.டி. ஒன்றை வாங்கினேன். படிக்கும் வேகம் விநாடிக்கு 3500 எம்.பி., எழுதும் வேகம் 3200 எம்.பி. என்று பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. நானே பொருத்தி, விண்டோஸ் இன்ஸ்டால் செய்து, சோதித்துப் பார்த்தால் படிக்கும் வேகம் 1740 தான். பாதி! பில்லை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பி விட்டேன். நல்ல வேளை, வாசலைத் தாண்டும் முன் இன்னொரு சோதனையும் செய்து பார்க்கலாம் என்று தோன்றியது. தப்பு கடைக்காரர் மேல் இல்லை. அது என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன்.

தேவையான இரண்டு சாப்ட்வேர்கள்

கிரிஸ்டல்டிஸ்க்இன்போ, கிரிஸ்டல்டிஸ்க்மார்க் என்ற இரண்டும் ஜப்பானியர் ஒருவர் எழுதி இலவசமாகத் தரும் புரோகிராம்கள். முதலாவது டிரைவின் ஜாதகத்தைச் சொல்லும். இரண்டாவது வேகத்தை அளக்கும். கிரிஸ்டல் டியூ வேர்ல்ட் என்ற அவருடைய தளத்திலிருந்து மட்டும் டவுன்லோட் செய்யுங்கள். அங்கே ஒரே புரோகிராம் பல பதிப்புகளில் இருக்கும். சிலவற்றில் ஜப்பானியக் கார்ட்டூன் பெண் படம் வேறு வரும். பயந்து விடாதீர்கள், வேலை ஒன்றுதான். ஸ்டாண்டர்ட் என்று போட்டிருப்பதை எடுத்துக் கொண்டால் போதும்.

முதலில் கிரிஸ்டல்டிஸ்க்இன்போவைத் திறங்கள். மேலே டிரைவின் மாடல் பெயர் இருக்கும். பில்லில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். அடுத்து பவர் ஆன் ஹவர்ஸ், டோட்டல் ஹோஸ்ட் ரைட்ஸ் என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். முதலாவது, டிரைவ் இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்ற கணக்கு. இரண்டாவது, அதில் எத்தனை ஜி.பி. எழுதப்பட்டிருக்கிறது என்ற கணக்கு. விண்டோஸ் போட்ட புது டிரைவில் மணிக் கணக்கு ஒற்றை இலக்கத்திலும், எழுதிய அளவு சில பத்து ஜி.பி.யிலும் இருக்கும். 2000 மணி நேரம் என்று காட்டினால் உங்களுக்குப் புதியது என்று விற்கப்பட்டது யாரோ பயன்படுத்திய பழைய டிரைவ். வேகத்தை அளக்கவே வேண்டாம், நேராகக் கடைக்குப் போங்கள்.

இதே விண்டோவில் இன்டர்பேஸ் என்ற வரி, உங்கள் டிரைவ் எந்த வகை என்று சொல்லும். சீரியல் ஏடிஏ என்றால் சாட்டா வகை. என்விஎம் எக்ஸ்பிரஸ் என்றால் என்விஎம்இ வகை. சூயிங்கம் பட்டை போல மெல்லியதாக இருந்தாலே அதிவேக டிரைவ் என்று பலர் நினைக்கிறார்கள். அது எம்.2 என்ற வடிவம் மட்டுமே. அந்த வடிவத்தில் சாட்டா டிரைவும் உண்டு, என்விஎம்இ டிரைவும் உண்டு.

எந்த வகைக்கு எவ்வளவு வேகம் எதிர்பார்க்கலாம்? சாட்டா பாதையின் வேகம் விநாடிக்கு 6 கிகாபிட். ஒரு பைட்டை அனுப்ப அதில் 10 பிட் செலவாகிறது. ஆகவே 600 எம்.பி.தான் உச்சவரம்பு. நடைமுறையில் 550 கிடைத்தால் டிரைவ் நன்றாக இருக்கிறது என்று பொருள். என்விஎம்இ டிரைவ் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையில் ஓடுகிறது. அதில் லேன் என்று சொல்லப்படும் தடங்கள் உண்டு. மூன்றாம் தலைமுறையில் ஒரு தடத்திற்குச் சுமார் 985 எம்.பி. வீதம் 4 தடங்களுக்கு 3900 எம்.பி.க்குச் சற்று அதிகம். இதில்தான் 3500 எம்.பி. டிரைவ்கள் ஓடுகின்றன. நான்காம் தலைமுறை டிரைவ்கள் 7000 வரையிலும், ஐந்தாம் தலைமுறை 14000 வரையிலும் போகும். 2008-ல் இன்டெல் வெளியிட்ட எக்ஸ்25-எம் என்ற 80 ஜி.பி. டிரைவ் விநாடிக்கு 250 எம்.பி. படித்ததே அன்று ஆச்சரியமாக இருந்தது. அதன் எழுதும் வேகம் வெறும் 70 எம்.பி.!

சோதனைக்கு முன்

லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகுங்கள். பேட்டரியில் ஓடும்போது மின்சாரத்தை மிச்சப்படுத்த வேகம் குறைக்கப்படலாம். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் சோதிக்காமல் பத்து நிமிடம் விட்டு விடுங்கள். விண்டோஸ் அப்டேட், ஆன்டி வைரஸ் எல்லாம் தங்கள் வேலையை முடித்துக் கொள்ளட்டும். பிரவுசரை மூடுங்கள். டிரைவில் கால்வாசியாவது காலியாக இருக்க வேண்டும்.

இப்போது கிரிஸ்டல்டிஸ்க்மார்க்கைத் திறங்கள். மேல் வரிசையில் எத்தனை முறை சோதிப்பது, எவ்வளவு பெரிய பைல், எந்த டிரைவ் என்ற மூன்று பெட்டிகள் இருக்கும். முறையை 5-லிருந்து 3 ஆகக் குறைத்துக் கொள்ளுங்கள். பைல் அளவு 1 ஜிஐபி என்று இருப்பதை அப்படியே விடுங்கள். டிரைவ் பெட்டியில் சி தேர்வாகியிருக்கிறதா என்று பார்த்து, ஆல் என்ற பட்டனை அழுத்துங்கள். சில நிமிடங்களில் நான்கு வரிசைகளிலும் எண்கள் நிரம்பி விடும். இடது பத்தி ரீட், அதாவது படிக்கும் வேகம். வலது பத்தி ரைட், எழுதும் வேகம்.

நான்கு வரிசைகளில் எது முக்கியம்?

முதல் இரண்டு வரிசைகள் எஸ்.இ.க்யூ. என்று தொடங்கும். பெரிய பைலை வரிசையாகப் படிப்பது, எழுதுவது. பெட்டியில் பெரிய எழுத்தில் போடும் எண் இதில் முதல் வரிசைதான். கீழ் இரண்டு வரிசைகள் ஆர்.என்.டி. 4கே என்று தொடங்கும். 4 கே.பி. அளவுள்ள சின்னத் துண்டுகளை டிரைவில் அங்கும் இங்குமாகத் தேடி எடுக்கும் சோதனை இது.

மளிகைக் கடையில் ஒரு மூட்டை அரிசியை அப்படியே தூக்கிக் கொடுப்பது முதல் வகை. கடுகு 50 கிராம், சீரகம் 100 கிராம், பெருங்காயம் ஒரு டப்பா என்று பட்டியல் படித்து ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டுவது இரண்டாவது வகை. எடை குறைவுதான், நேரம் அதிகம் பிடிக்கும். விண்டோஸ் திறப்பதும், பிரவுசர் திறப்பதும் இந்தப் பட்டியல் வேலையைத்தான் அதிகம் செய்கின்றன.

இதில் மூன்றாவது வரிசையில் க்யூ32 என்று இருக்கும். ஒரே நேரத்தில் 32 வேண்டுகோள்களைக் குவித்துக் கேட்பது. கடையில் 32 பேர் கூட்டம் என்று வைத்துக் கொள்ளுங்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் அப்படி ஒரு கூட்டம் அபூர்வம். நான்காவது வரிசை, க்யூ1. ஒரு வேண்டுகோள் முடிந்த பிறகே அடுத்தது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு நான் சொல்வது, முதலில் இந்த நான்காவது வரிசையைப் பாருங்கள். யாரும் இதைப் பெட்டியில் பெரிதாகப் போடுவதில்லை, எண் சிறியதாக இருப்பதால்!

எவ்வளவு சிறியது? என் டிரைவில் 48 எம்.பி. தான். ஏமாற்றமாக இருக்கிறதா? பழைய ஹார்ட் டிஸ்க்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நிமிடத்திற்கு 7200 முறை சுற்றும் டிஸ்க் ஒரு சுற்று சுற்ற 8.3 மில்லி விநாடி ஆகும். வேண்டிய இடம் தலைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, 4.2 மில்லி விநாடி. தலை நகர்ந்து வர மேலும் 9 மில்லி விநாடி. ஆக ஒரு துண்டுக்கு 13 மில்லி விநாடி, விநாடிக்குச் சுமார் 75 துண்டுகள். தலா 4 கே.பி. என்றால் 300 கே.பி.! 48 எம்.பி. என்பது அதைப் போல் 160 மடங்கு. எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் தலையும் இல்லை. கம்ப்யூட்டர் பறக்கிற மாதிரி தோன்றுவதற்குக் காரணம் இதுதான்.

என் 1740-க்கு வருகிறேன். வாசலிலிருந்து திரும்பி வந்து கிரிஸ்டல்டிஸ்க்இன்போவில் டிரான்ஸ்பர் மோட் என்ற வரியைப் பார்த்தேன். அதில் நடுவில் கோடு போட்டு இரண்டு விவரங்கள் இருக்கும். இடது பக்கம் டிரைவ் இப்போது ஓடும் முறை, வலது பக்கம் அது ஓடக் கூடிய முறை. வலது பக்கத்தில் எக்ஸ்4, இடது பக்கத்தில் எக்ஸ்2 என்று இருந்தது. நான்கு தடத்தில் ஓட வேண்டியது இரண்டு தடத்தில் ஓடிக் கொண்டிருந்தது. மதர்போர்டு புத்தகத்தைத் தேடி எடுத்துப் பார்த்தால், எம்.2 ஸ்லாட் இரண்டு உண்டு, கீழே உள்ளதில் 2 தடம் மட்டும் என்று தெளிவாக அச்சடித்திருக்கிறது. கை சுலபமாக எட்டியது என்பதற்காக அதில்தான் நான் பொருத்தியிருந்தேன்.

கம்ப்யூட்டரை ஆப் செய்து, மின் இணைப்பைப் பிடுங்கி, டிரைவை மேல் ஸ்லாட்டுக்கு மாற்றினேன். படிக்கும் வேகம் 3480! நான்காவது வரிசையைப் பார்த்தேன். 48-லிருந்து 49. விண்டோஸ் திறக்கும் நேரத்தைக் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். முன்பும் 14 விநாடி, இப்போதும் 14 விநாடி. பெரிய எண் இரு மடங்கானது, என் அன்றாட வேலையில் ஒரு விநாடி கூட மிச்சமாகவில்லை. சாட்டா எஸ்.எஸ்.டி. வைத்திருப்பவர்கள் ஏக்கப்பட வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

பெரிய பைல்களைக் கையாளுபவர்களுக்கு

கல்யாண வீடியோ எடிட் செய்யும் நண்பர் ஒருவர் கேட்டார், "டெஸ்ட்ல 3000 காட்டுது, 100 ஜி.பி. காப்பி பண்ணினா பாதியில படுத்துடுதே?" டிரைவ் கெடவில்லை. இன்றைய டிரைவ்களில் ஒரு செல்லில் 3 அல்லது 4 பிட்டுகளைத் திணித்து எழுதுகிறார்கள். அது மெதுவான வேலை. எனவே ஒரு பகுதியில் மட்டும் செல்லுக்கு 1 பிட் வீதம் வேகமாக எழுதி வைத்துக் கொண்டு, ஓய்வு கிடைக்கும்போது இடம் மாற்றுகின்றன. அந்தப் பகுதி நிரம்பி விட்டால் உண்மையான வேகம் வெளியே தெரியும். 4 பிட் வகை மலிவு டிரைவ்களில் ஹார்ட் டிஸ்க்கின் வேகத்திற்கே இறங்கி விடுவதும் உண்டு. 1 ஜி.பி. சோதனை இதைக் காட்டாது. நீங்கள் வழக்கமாகக் காப்பி செய்யும் அளவுக்கே ஒரு போல்டரைக் காப்பி செய்து பாருங்கள். ஆனால் பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து காப்பி செய்து விட்டு எஸ்.எஸ்.டி.யைக் குறை சொல்லக் கூடாது. அதன் வேகம் 150 என்றால் இங்கும் 150 தான் வரும். காப்பி ஆகும்போதே வெப்பநிலையையும் பாருங்கள். 70 டிகிரியைத் தாண்டி ஏறிக் கொண்டே போனால், டிரைவ் தன்னைக் காத்துக் கொள்ள வேகத்தைக் குறைக்கக் கூடும். அதன் மேல் ஒட்டும் அலுமினியத் தகடு ஒன்று வாங்கிப் போட்டால் சரியாகும்.

நம்ப முடியாத விலைக்கு 16 டி.பி. என்று யு.எஸ்.பி. எஸ்.எஸ்.டி. வாங்கியிருந்தால் வேகச் சோதனை போதாது. திறந்து பார்த்தால் உள்ளே சிறிய மெமரி கார்டு ஒட்டியிருக்கும் கதைகள் பல. ஜெர்மனியின் சிடி என்ற கம்ப்யூட்டர் பத்திரிகை தரும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசப் புரோகிராம், டிரைவ் முழுவதையும் எழுதி நிரப்பித் திரும்பப் படித்துப் பார்க்கும். எழுதியது திரும்ப வரவில்லை என்றால் போலி. காலி டிரைவில் மட்டும் செய்யுங்கள். மணிக்கணக்கில் ஓடும்.

வேகமாக ஓடுகிறது என்று நாள்தோறும் சோதித்துக் கொண்டிருக்காதீர்கள். கிரிஸ்டல்டிஸ்க்மார்க் ஒவ்வொரு சுற்றிலும் 5 விநாடி விடாமல் எழுதும். என் டிரைவில் முதல் வரிசை மட்டும் 5 முறை ஓடினால் 80 ஜி.பி. எழுதப்படும். 500 ஜி.பி. டிரைவுக்கு 300 டி.பி. வரை எழுதலாம் என்று உத்தரவாதம் தருவது வழக்கம். ஒரு முறைக்குப் பயமில்லை, பொழுது போகாமல் செய்வதற்கு இது விளையாட்டும் இல்லை. முதல் சோதனையின் முடிவை பைல் மெனுவில் உள்ள சேவ் மூலம் டெக்ஸ்ட் பைலாகச் சேமித்து, பில்லின் போட்டோவோடு ஒரே போல்டரில் வையுங்கள். அந்த போல்டர் இந்த டிரைவிலேயே இருக்க வேண்டாம், பென் டிரைவிலோ மெயிலிலோ இருக்கட்டும்.