வண்டி உண்மையிலேயே கொதிக்கிறதா?

சென்ற சித்திரையில் தொட்டியத்திலிருந்து முசிறி வழியாகத் திருச்சிக்குக் காரில் சென்றோம். வழியில் பானட்டிலிருந்து ஆவி எழுந்தது. மாமா அவசரப்பட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தார், கை வெந்துவிட்டது. அன்று நான் கற்ற பாடம் இது.

எஞ்சின் சுமார் 90 டிகிரி செல்சியஸில் இயங்குவது இயல்பே. ஆகவே பானட் சுடுவதும், நிறுத்திய பின் விசிறி சுற்றுவதும், அடியில் ஏ.சி. நீர் சொட்டுவதும் கோளாறு அல்ல.

உண்மையான அறிகுறிகள் வேறு. வெப்பமானி முள் சிவப்புக் கோட்டைத் தொடும், ஆவி எழும், கூலன்ட் ஒழுகினால் இனிப்பு வாடை வீசும், இழுவை குறையும். முள்ளை மட்டும் நம்பலாகாது. நீர் முழுதும் ஒழுகிவிட்டால் அது தவறாகக் காட்டக்கூடும்.

அப்போது வண்டியை ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும். பிரஷர் குக்கரைப் போல ரேடியேட்டருக்குள்ளும் அழுத்தம் உண்டு. அதனால் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காது. மூடியைத் திறந்ததும் அழுத்தம் நீங்கி, நீர் பொங்கி ஆவியுடன் மேலே பாயும். நன்றாக ஆறிய பிறகே திறக்க வேண்டும்.

தோழியரே, ஆக்கப் பொறுத்தவர் ஆறவும் பொறுக்க வேண்டாமா?